குட்டியா, குள்ளமா: ஈக்கான் பாஜா பற்றி ஓர் ஆசிரியைக்குப் பதில்

பினாங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில் இது. ஐந்தாம் ஆண்டு மாணவர்களை அவர் பத்து மாவுங் மீன் இறங்குதுறைக்கு அழைத்துச் சென்றிருக்கிறார். இழுவைப் படகு ஒன்றிலிருந்து நல்ல மீன்கள் ஐஸ் பெட்டிகளில் இறங்கிய பிறகு, விரல் நீள மீன்களைச் சிலர் மண்வெட்டியால் வாரி நீலத் தோங்குகளில், அதாவது பீப்பாய்களில், நிரப்பியிருக்கிறார்கள். "இது என்ன?" என்று கேட்டதற்கு, "ஈக்கான் பாஜா, குப்பை மீன்" என்று பதில் வந்திருக்கிறது. ஒரு பையன், "டீச்சர், குட்டி மீன்களைக் கடலிலேயே விட்டிருக்கலாமே, ஏன் விடவில்லை?" என்று கேட்க, அவருக்குப் பதில் தெரியவில்லை. இந்த மீன் எங்கே போகிறது, உண்மையிலேயே எதற்கும் உதவாததா, நாம் இதைச் சாப்பிடுகிறோமா என்பவை அவருடைய மற்றக் கேள்விகள்.

டீச்சர், நான் படித்துப் பட்டம் பெற்ற மீனியலாளன் அல்லன். செபராங் பிறையில் மீன் பதனிடும் ஆலை ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கொள்முதல் வேலை பார்த்தவன். விடியற்காலை மூன்று மணிக்கு இறங்குதுறையில் நின்று, எந்தத் தோங்கு எந்த விலைக்குப் போகும் என்று சொல்வதுதான் என் பிழைப்பாக இருந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஈக்கான் பாஜா என்று ஒரு மீன் கடலில் கிடையாது. அது ஒரு விலையின் பெயர். இன்று அந்த விலைக்குப் போகிற மீன் நாளை வேறு பெயரில் ஏறிவிடும். ஏறியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மலாயில் 'பாஜா' என்றால் உரம். தென்னந்தோப்புக்கும் காய்கறிப் பாத்திக்கும் போடத்தான் லாயக்கு என்று யாரோ வைத்த பெயர் நிலைத்துவிட்டது. இராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் இதே சரக்கைச் 'சங்காயம்' என்பார்கள். நம் தாத்தாக்கள் அந்தக் கரையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள்தானே என்று, வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அந்தச் சொல்லைப் பயன்படுத்திப் பார்த்தேன். இங்கே ஒருவருக்கும் புரியவில்லை.

ஒரு தோங்குக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கொட்டிப் பார்த்தேன். என் தங்கை மகன் பல்கலைக்கழகத்தில் கடலியல் படித்துக்கொண்டிருந்தான். விடுமுறைக்கு வந்தவன் கேட்டான் என்பதற்காக ஒரு கூடைச் சரக்கைக் காசு கொடுத்து வாங்கி, வீட்டுப் பின்கட்டில் நீலத் தார்ப்பாயை விரித்துப் பரப்பினோம். முதலில் தெரிந்தது வெறும் சாம்பல் நிறக் கூழ். தண்ணீர் விட்டு அலசியதும்தான் மீன்கள் தனித்தனியாகப் பிரிந்தன. பாதிக்கு மேல் காரல். மலாயில் 'கேகேக்' என்பார்களே, ஐம்பது காசு நாணயம் போலப் பளபளவென்று தட்டையாக இருக்கும், அதுதான். பிறகு கெரிசிக் குஞ்சுகள். சங்கரா இனம், வாலில் மஞ்சள் நூல் தொங்கும். தாடையில் மீசை வைத்த நவரை. வாய் நிறையப் பல்லோடு மெங்காரோங். மலாயில் மெங்காரோங் என்றால் அரணை, முகத்தைப் பார்த்தால் ஏன் அந்தப் பெயர் என்று விளங்கிவிடும். ஓர் அரணை மீனின் வாயில் பாதி விழுங்கிய கெரிசிக் குஞ்சு அப்படியே இருந்தது. வலைக்குள் போகிற நேரத்திலும் அது சாப்பாட்டை விடவில்லை. கத்தாளை, நாக்கு மீன், கட்டைவிரல் அளவு கணவாய், உடைந்த நண்டு, ஊதிப்போன பேத்தை, கடற்குதிரை ஒன்று. கடைசியாக ஏழெட்டு 'ஈக்கான் மேரா', அதாவது சிவப்பு ஸ்னாப்பர் மீனின் குட்டிகள். உள்ளங்கையில் இரண்டு அடங்கும். சந்தையில் அது கிலோ கணக்கில் வளர்ந்து வெட்டுத்துண்டாகத் தட்டில் கிடப்பதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். முப்பது வகைக்கு மேல் எண்ணிவிட்டுப் பையன் நிறுத்திக்கொண்டான். நாற்றம் தாங்காமல் என் மனைவி இரண்டு நாள் பின்கதவைத் திறக்கவில்லை.

உங்கள் மாணவனின் கேள்விக்கு வருகிறேன். ஏன் கடலில் விடவில்லை? விட்டாலும் அவை பிழைக்காது, அதனால்தான். இழுவை வலை என்பது கடலடியில் இழுபடும் ஒரு பெரிய பை. இரண்டு பக்கமும் கனத்த பலகைகள் தண்ணீரின் எதிர்ப்பால் விலகி வலையின் வாயைத் திறந்து வைத்திருக்கும். சேற்றைக் கிளறிக்கொண்டே இரண்டு மூன்று மணி நேரம் இழுப்பார்கள். முதல் பத்து நிமிடத்தில் சிக்கிய மீன் மீதி நேரம் முழுவதும் மடியின், அதாவது வலையின் கடைசிப் பைப்பகுதியின், அடியில், மேலே வந்து சேரும் நண்டு, கல், சொறிமீன், சேறு எல்லாவற்றுக்கும் கீழே நசுங்கிக் கிடக்கும். ஆழத்திலிருந்து சட்டென்று மேலே தூக்கும்போது காற்றுப்பை வீங்கி இரைப்பை வாய் வழியாகப் பிதுங்கும். தளத்தில் கொட்டியதும் வெயில். சிறிய மீன்களில் பெரும்பாலானவை அதற்கு முன்பே செத்திருக்கும். செத்ததைக் கடலில் எறிந்தால் கடற்பறவைக்கும் நண்டுக்கும் தீனி. கரைக்குக் கொண்டுவந்தால் கொஞ்சமாவது காசு.

அப்படியானால் வலையின் கண்ணைப் பெரிதாக்கலாமே என்று அடுத்த கேள்வி வரும். சட்டம் அதைத்தான் சொல்கிறது. மலேசியாவில் இழுவை வலை மடியின் கண் 38 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஆனால் கடையில் தொங்கும் வலையின் கண் வேறு, கடலில் இழுபடும் வலையின் கண் வேறு. சாதாரண வலையின் கண் சாய்சதுரம். மடியில் சுமை ஏறி வலை நீளவாக்கில் இழுபட்டால் அந்தச் சாய்சதுரம் ஒடுங்கி வெறும் கோடாகிவிடும். ஈரத் துணியைப் பிழிவது போல நினைத்துக்கொள்ளுங்கள். பிழியும்போது இழைகள் நெருங்கத்தானே செய்யும். சதுரக் கண்ணாக வைத்துப் பின்னினால் இழுத்தாலும் திறந்தே இருக்கும் என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். தென்கிழக்காசிய மீன்வள மேம்பாட்டு மையம் குஞ்சுகளும் கழிவு மீன்களும் வெளியேறுவதற்கென்றே கம்பிச் சட்டம் ஒன்றை வடிவமைத்து, இந்த வட்டார நாடுகளில் சோதித்தும் காட்டியது. கம்பிகளுக்கு இடையே புகுந்து சின்னவை தப்பிவிடும், பெரியவை மடிக்குள் போகும்.

பிறகு ஏன் எல்லாப் படகிலும் அது இல்லை? இங்கேதான் வெப்பமண்டலக் கடலின் சங்கடம் வருகிறது. வடக்கே குளிர்கடலில் ஒரு இழுப்பில் வருவது பெரும்பாலும் ஓரிரு வகை மீன். அந்த வகைக்கு ஏற்ற கண்ணை வைத்தால் குஞ்சு தப்பும், பெரியது நிற்கும். மலாக்கா நீரிணையில் ஒரு இழுப்பில் ஐம்பது வகை வருவது அதிசயமில்லை. ஒன்றின் குஞ்சும் இன்னொன்றின் கிழமும் ஒரே அளவு. ஈக்கான் மேராவின் குட்டியைத் தப்பவிடும் கண்ணில் வளர்ந்த காரல் ஓடிவிடும், இறாலும் ஓடிவிடும். அந்த இறாலுக்காகத்தான் பல படகுகள் டீசலை எரித்துக்கொண்டு அங்கே போகின்றன. ஐம்பது பிள்ளைகளுக்கு ஒரே அளவில் சட்டை தைப்பது போன்ற வேலை.

இனி, அந்தத் தோங்கு எங்கே போகிறது என்ற கேள்வி. உரத்துக்குப் போன காலம் மலையேறிவிட்டது. இன்று மூன்று வாசல்கள் இருக்கின்றன: மீன்மாவு ஆலை, கூண்டுப் பண்ணை, சுரிமி ஆலை. சுரிமிக்குப் போவது முழுதாகக் கழிவு இல்லை, ஒரு படி மேல். ஆனால் அந்தப் படி எப்படி உண்டாயிற்று என்பதில்தான் கதையே இருக்கிறது. எனக்குத் தெரிந்த வாசலும் அதுதான்.

கடைகளில் நண்டுக்குச்சி என்று விற்கிறார்களே, அதில் நண்டு இல்லை. மீன் சதையை அரைத்து, குளிர்ந்த நீரில் பலமுறை அலசி, கொழுப்பும் இரத்தமும் வாடையும் போனபின் மிஞ்சும் வெள்ளைப் புரதம்தான் சுரிமி. ஜப்பானியரின் பழைய கைவேலை இது. 1960 வாக்கில் ஹொக்கைடோவில், சர்க்கரை சேர்த்து உறையவைத்தால் அந்தப் புரதம் கெடாது என்று கண்டுபிடித்தார்கள். அதன் பிறகுதான் அது உலகச் சரக்காயிற்று. அவர்களிடம் வடபசிபிக் பொலாக் மீன் இருந்தது. அது தட்டுப்பாடாகத் தொடங்கியபோது தெற்கே திரும்பினார்கள். நம் கெரிசியின் சதை வெள்ளையாகவும் இறுகும் தன்மையோடும் இருந்தது. 'இதோயோரி' என்ற ஜப்பானியப் பெயரோடு அது ஏற்றுமதிப் பட்டியலில் ஏறிவிட்டது. நேற்றுவரை தோங்கின் அடியில் கிடந்த மீனுக்குத் தனிப் பெட்டி, தனி ஐஸ். பின்னாலேயே நவரையும் அரணையும் கத்தாளையும் வந்தன.

ஆலையில் நான் விரும்பிப் பார்த்தது மடிப்புச் சோதனை. சுரிமியை உப்போடு பிசைந்து, குழாயில் அடைத்து, வேகவைத்து, ஆறவைத்து மூன்று மில்லிமீட்டர் கனத்தில் வட்டமாக நறுக்குவார்கள். அதை இரு விரல்களால் பாதியாக மடிக்க வேண்டும், பிறகு இன்னொரு முறை, கால் பாகமாக. எங்கும் விரிசல் விடாவிட்டால் முதல் தரம். பாதியாக மடிக்கும்போது தாங்கி, கால் பாகத்தில் விரிந்தால் அடுத்த தரம். மடித்ததும் இரண்டாகப் போனால் அந்த லாரிச் சரக்கைக் கொள்முதல் செய்தவன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்பான். நானும் நின்றிருக்கிறேன். அரணை மீன்தான் இதில் பெரிய எதிரி. வெள்ளைச் சதை, விலை மலிவு, ஏமாந்து வாங்குவோம். ஆனால் அதன் உடலிலேயே இருக்கும் நொதி, செத்தபிறகு ஃபார்மால்டிஹைடை உண்டாக்கிப் புரதத்தைக் கெடுத்துவிடும். பிடித்த அன்றே ஆலைக்கு வந்தால் தங்கம். இரண்டு மூன்று நாள் படகில் கிடந்து வந்தால் மரத்தூள். பார்வைக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும்.

ஆக, நாம் இதைச் சாப்பிடுகிறோமா என்று நீங்கள் கேட்டதற்கு: தினமும். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் குச்சியில் குத்தி விற்கும் மீன் உருண்டையைப் பாருங்கள். முன்பு நல்ல மீன் உருண்டை என்றால் ஈக்கான் பாராங், அதாவது முள்வாளைச் சதையைக் கரண்டியால் சுரண்டி எடுத்துச் செய்வார்கள். இன்று ஆலை உருண்டைகளில் பெரும்பங்கு சுரிமிதான். பங்கோர் தீவுக்குச் சுற்றுலா போனவர்கள் வாங்கிவரும் இனிப்பு சாத்தே மீனும் சின்ன மீன்களைத் தட்டையாக்கிக் காயவைத்ததுதான்.

இரண்டாவது வாசல், கூண்டுப் பண்ணை. புக்கிட் தம்புன் படகுத்துறையிலிருந்து புலாவ் அமான் பக்கம் போகும்போது தண்ணீரில் மிதக்கும் மரச்சட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். சட்டத்துக்குக் கீழே வலைக்கூண்டு, அதற்குள் சியாக்காப், கெராப்பு. சியாக்காப் என்பது நம் கொடுவா. கெராப்பு என்பது களவா. இரண்டும் மீன்தின்னிகள். பல பண்ணைகளில் காலையில் முதல் வேலையே ஈக்கான் பாஜாவை வெட்டும் இயந்திரத்தை ஓட்டுவதுதான். துண்டுகளை வாரி வீசினால் தண்ணீர் கொதிப்பது போல மீன்கள் எழும்.

ஒரு கிலோ கெராப்பு வளர எவ்வளவு போட வேண்டும்? ஐந்து கிலோவிலிருந்து பத்து கிலோ வரை என்பது பண்ணைக்காரர்களும் ஆய்வாளர்களும் ஒத்துக்கொள்ளும் கணக்கு. பச்சை மீனில் முக்கால் பங்கு தண்ணீர் என்பதால் இந்த எண் பூதாகாரமாகத் தெரிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். உலர்ந்த குருணைத் தீவனத்தில் ஒன்றரை, இரண்டு கிலோ போதும். ஆனால் அந்தக் குருணையிலும் மீன்மாவு இருக்கிறதே. ஒரு கிலோ மீன்மாவுக்கு நாலரைக் கிலோ பச்சை மீன் போகிறது. குருணைக்கு மாறினால் கழிவு மீன் தேவை அப்படியே ஒழிந்துவிடும் என்று சொல்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் குருணை மேல். தண்ணீர் அவ்வளவு நாறாது, நோய் பரவும் ஆபத்தும் குறைவு, எவ்வளவு போட்டோம் என்று கணக்கும் தெரியும்.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய குற்ற உணர்ச்சி உண்டு. தெரிந்த பண்ணைக்காரர் ஒருவருக்கு, கலப்புச் சரக்கு வேண்டாம், தம்பானை மட்டும் தருகிறேன், சுத்தமாக இருக்கும், கொழுப்பும் உண்டு என்று நானே யோசனை சொன்னேன். தம்பான் நம் சாளையின் உறவு. சில வாரங்களில் அவருடைய சியாக்காப் தீனி எடுக்காமல், தலைசுற்றியது போல வட்டமடிக்கத் தொடங்கின. கூண்டைத் தட்டினால் மின்சாரம் பாய்ந்தது போலத் துள்ளின. சாளை, நெத்திலி இன மீன்களைப் பச்சையாகவே தொடர்ந்து கொடுத்தால், அவற்றிலுள்ள நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும் என்று மீன்வளத் துறை அதிகாரி ஒருவர் வந்து பார்த்துச் சொன்னார். வைட்டமின் கலந்து, தீனியையும் மாற்றிக் கொடுத்த பிறகு மிஞ்சியவை தேறின. கலப்புச் சரக்கே அவருக்கு நல்லதாக இருந்திருக்கும். கெட்டிக்காரத்தனமாக யோசித்த நான்தான் கெடுத்தேன். அவர் கடைசிவரை என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மீன்மாவு ஆலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேகவைத்து, பிழிந்து, உலர்த்தி, பொடித்தல். காற்றடிக்கும் திசையில் வீடு இருப்பவர்களுக்கு மீதி தெரியும். தென்னமெரிக்காவில் பெரு நாடு மீன்மாவில் முன்னணி. ஆனால் அவர்கள் பிடிப்பது பெரும்பாலும் ஒரே வகை நெத்திலி, வளர்ந்த மீனே ஒரு சாணுக்குள்தான். நம்முடையது எல்லாம் கலந்த தோங்கு, அதற்குள் ஈக்கான் மேரா குட்டி.

இப்போது என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பலருக்குப் பிடிக்காது. 'கழிவை வீணாக்காமல் பயன்படுத்துவது நல்லதுதானே' என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் பல ஆண்டுகள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் சம்பளமே அந்தச் சொல்லில் இருந்தது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கணக்குகளைப் பாருங்கள். 1994இல் உலகக் கடல்களில் பிடித்துவிட்டு எறிந்த மீன் ஆண்டுக்கு 2.7 கோடி டன் என்று மதிப்பிட்டார்கள். 2005 மதிப்பீட்டில் அது 73 இலட்சம் டன்னாக இறங்கியது. கணக்கிடும் முறை மாறியது ஒரு காரணம். ஆனால் ஆசியப் படகுகள் எதையும் எறியாமல் கரைக்குக் கொண்டுவரத் தொடங்கியது இன்னொரு முக்கியக் காரணம். எறியும் கணக்கில் நம் வட்டாரம் மிகச் சுத்தம். அந்தப் பட்டியலைப் பார்த்தால் நமக்குப் பரிசே கொடுக்கலாம். அந்த ஈக்கான் மேரா குட்டிகள் முன்பும் செத்தன, இப்போதும் சாகின்றன. முன்பு எறிந்த இடம் கடல், இப்போது எறிகிற இடம் தோங்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

வித்தியாசம் அவ்வளவோடு நின்றிருந்தால் பரவாயில்லை. படகுத் தலைவரின் கணக்கு மாறிவிட்டது. கழிவுக்கு விலையே இல்லாத காலத்தில், சிறிய மீன் நிறைந்த இடம் என்றால் வலையைச் சுருட்டிக்கொண்டு வேறு இடம் போவார். மடியில் வீண் சுமை, தளத்தில் வீண் வேலை. இன்று அந்தச் சுமைக்கும் வாங்க ஆள் நிற்கிறது. நான் வேலையில் இருந்தபோது கிலோ ஒரு ரிங்கிட்டை எட்டுவதே பெரிய விஷயம். ஆனாலும் டன் கணக்கில் இறங்கும்போது அந்தச் சில்லறை, பயணத்தின் டீசல் செலவில் ஒரு பங்கைத் தாங்கிவிடும். மீனவர்களுக்கு அரசு கொடுக்கும் மானிய டீசல் 2024இல் லிட்டர் 1 ரிங்கிட் 65 காசு. அந்த ஆண்டு தீபகற்பத்தில் மற்றவர்களுக்கு டீசல் விலை ஏறியபோதும் அந்த விலை அப்படியே இருந்தது. சிறிய படகுக்காரருக்கு அது உயிர்மூச்சு, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெரிய இழுவைப் படகுக்கும் அதே மலிவு டீசல், அதோடு கழிவு மீனுக்கும் ஒரு வாசல் என்று சேரும்போது, நல்ல மீன் குறைந்துபோன கடலிலும் தொடர்ந்து இழுப்பது கட்டுபடியாகிறது. கம்பிச் சட்டத்தைப் போட்டுக் குஞ்சைத் தப்பவிடு என்று அவரிடம் போய்ச் சொன்னால், பணத்தைக் கடலில் கொட்டச் சொல்கிறாயா என்றுதான் கேட்பார். என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அந்தப் பணத்தை அவர் கையில் எண்ணிக் கொடுத்தவன் நான்.

கடல் இதை எப்படித் தாங்குகிறது என்பதற்கு அண்டை வீட்டுச் சாட்சி இருக்கிறது. தாய்லாந்து வளைகுடாவில் 1960களின் தொடக்கத்தில் ஜெர்மன் உதவியோடு இழுவை வலை அறிமுகமானது. அப்போது ஆய்வுக் கப்பல் ஒரு மணி நேரம் இழுத்தால் ஏறத்தாழ 300 கிலோ கிடைத்தது. 1980களில் அது 50 கிலோவுக்கும் கீழே போய்விட்டது. குறைந்தது மட்டுமல்ல, சரக்கும் மாறியது. ஒரு காலத்தில் கொட்டிக் கிடந்த காரல் கூட்டம் அருகியது, கணவாய் பெருகியது. பிடியில் கழிவு மீனின் பங்கு ஏறியது. நம் பக்கமும் இழுவைப் படகுகள் 1960களில்தான் பெருகின. அவை கரையோரத்துக்கு வந்து சிறு மீனவர்களின் வலைகளை அறுத்துக்கொண்டு போனதால் மேற்குக் கரையில் பல ஆண்டுகள் கைகலப்பு, படகு எரிப்பு, உயிர்ச்சேதம் வரை போனது. அதன் பிறகுதான் 1980களில் கடலைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, கரையிலிருந்து 5 கடல்மைலுக்குள் இழுவைப் படகுக்கு இடமில்லை என்று கோடு கிழித்தார்கள். 1985 மீன்வளச் சட்டம் வந்தது. கரையோரச் சேறும் சதுப்புக்காடும்தான் குஞ்சுகளின் தொட்டில் என்பதால், ஈக்கான் பாஜாவுக்கு எதிராக இதுவரை போட்ட விதிகளில் உருப்படியானது இந்தக் கோடுதான் என்பேன். இரவில் விளக்கை அணைத்துவிட்டு அதைத் தாண்டுபவர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு கதை.

உங்கள் மாணவர்கள் சென்ற பத்து மாவுங்கிலேயே நாட்டின் மீன்வள ஆராய்ச்சிக் கழகமும், வோர்ல்ட்ஃபிஷ் என்ற பன்னாட்டு ஆய்வு மையத்தின் தலைமையகமும் இருக்கின்றன. அந்த மையம் ஆசிய நாடுகளின் பழைய இழுவை ஆய்வுப் பதிவுகளைத் திரட்டி, பல கடல்களில் அடிமட்ட மீன்வளம் எந்த அளவுக்குக் கரைந்திருக்கிறது என்று காட்டியது. அடுத்த முறை இறங்குதுறையோடு திரும்பிவிடாமல் அங்கேயும் அனுமதி கேட்டுப் பாருங்கள்.

வகுப்பில் என்ன சொல்வது என்று கேட்டால், ஒரு வேலை கொடுங்கள் என்பேன். சின்ன மீனைப் பார்த்ததும் 'ஐயோ குட்டி' என்று எல்லாவற்றுக்கும் பரிதாபப்பட வேண்டாம். குட்டி வேறு, குள்ளம் வேறு. காரல், நெத்திலி போன்றவை பிறவியிலேயே சிறிய மீன்கள். சீக்கிரம் வளர்ந்து, சீக்கிரம் முட்டையிட்டு, தலைமுறையை விரைவாக ஓட்டும். அவற்றைப் பிடித்துத் தின்பதில் பாவம் குறைவு. நம் பாட்டிமார் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கும் என்று காரல் குழம்பு வைத்துக் கொடுத்ததும் இந்த மீனைத்தான். அதைக் குப்பை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஈக்கான் மேரா, கெராப்பு, கெரிசி போன்றவற்றின் குஞ்சுகள் வேறு சாதி. அவை ஒருமுறையாவது முட்டையிட வேண்டும். எல்லாக் குஞ்சும் பிழைத்துப் பெரிதாகிவிடாது, பெரும்பாலானவை அரணை போன்ற மீன்களுக்கே இரையாகும், ஒப்புக்கொள்கிறேன். மிச்சத்துக்கு ஒரு வாய்ப்பு இருக்கட்டும் என்பதுதான்.

எது குட்டி, எது குள்ளம் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கலாம். சனிக்கிழமை விடியற்காலையில் சந்தைக்குப் போய், கலந்த சின்ன மீன் ஒரு கிலோ கேளுங்கள். பூனைக்கா என்று மீன்காரர் கேட்பார், ஆமாம் என்று சொல்லிவிடுங்கள், விலை குறையும். வகுப்பில் கத்தரிக்கோலால் வயிற்றைக் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் நீளக் காரலின் வயிற்றில் மஞ்சளாகச் சினை தெரிந்தால் அது வளர்ந்த மீன், தாய். அதே நீளக் கெரிசியின் வயிற்றில் நூல் போல ஒன்றும் இல்லாமல் இருந்தால் அது பிள்ளை. வாயைப் பிடித்து மெல்ல இழுத்தால் காரலின் உதடு குழாய் போல நீண்டு வரும், பிள்ளைகள் அதில் மயங்கிப்போவார்கள். அதன் தொண்டையைச் சுற்றி ஒளிரும் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. மிகப் புதிய மீனாகக் கிடைத்து, அறையைக் கும்மிருட்டாக்க முடிந்தால் மங்கலாக ஒளி தெரியலாம். சந்தை மீனில் அது பெரும்பாலும் அணைந்திருக்கும், வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

காரலைக் கொட்டிவிடாதீர்கள். தலையையும் குடலையும் கிள்ளி எறிந்துவிட்டு, மஞ்சளும் உப்பும் தடவி மொறுமொறுவென்று பொரித்தால் முள்ளோடு தின்னலாம். மீனைக் கீறும்போது பிள்ளைகளைக் கையுறை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கலப்பில் பந்து போல ஊதிய, முன்பல் துருத்திய பேத்தை தென்பட்டால் அதைத் தனியாக எடுத்துக் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். அதில் விஷம் உண்டு, பூனைக்குக்கூட வேண்டாம்.